ஸாலிஹாவின் முறை

கல்முனையில் அறுபது தாண்டிய பெண்பிள்ளை ஒருத்தி வேலைக்குப் போகிறாள் என்றால் ஊர் நின்று பார்க்கும். பார்க்கட்டும். ஸாலிஹா அறுபத்தாறு வயதிலும் காலையில் ஹபாயாவைப் போட்டு, கைப்பையைத் தோளில் மாட்டி, குடையை விரித்துக்கொண்டு ஒழுங்கை முனையில் ஓட்டோவுக்கு நிற்பாள். நிற்கிற நிற்பிலேயே தெரியும், இவள் யாருக்கும் ஒளித்து நடக்கிறவள் இல்லை என்று.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் கீறுகிற வேலையில் இருந்து பென்சன் எடுத்தவள். எத்தனையோ வாய்க்கால்களும் மதகுகளும் அவள் கையால் தாளில் ஓடிய பிறகுதான் நிலத்தில் ஓடின. பென்சன் எடுத்து அவள் வீட்டில் சும்மா இருந்தது ஒரு நோன்பு மாதம் மட்டும்தான். பெருநாள் முடிந்த கையோடு முபாறக் இஞ்சினியர் வந்து கதவைத் தட்டினான். முன்பு அவளோடு திணைக்களத்தில் வேலை செய்தவன், இப்போது சொந்தமாகக் கட்டட நிறுவனம் நடத்துகிறான்.

“ராத்தா, கொம்பியூட்டர்ல கீற ஆள் இரிக்கி. தண்ணி எந்தப் பக்கம் ஓடும் எண்டு தெரிஞ்ச ஆள்தான் இல்ல,” என்றான்.

அடுத்த கிழமையே போய்விட்டாள். அதோடு கொம்பியூட்டரில் கீறவும் பழகிக்கொண்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பென்சனும் எடுக்கிறா, சம்பளமும் எடுக்கிறா, எல்லாத்தையும் எங்கே கொண்டுபோய் வைக்கப்போறா என்று கலியாண வீட்டிலும் கதை, மையத்து வீட்டிலும் கதை. ஸாலிஹா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மனதில் போய்த் தைத்தது ஒன்றே ஒன்றுதான். அது ஊர் சொன்னதல்ல, புருசன் சொன்னது.

காலிதீன் கெட்ட மனுசன் இல்லை. வட்டை என்கிற அந்த வயல்வெளி முழுவதற்கும் அவர்தான் வட்டவிதானை. எவர் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து மடை திறந்துவிடுகிற பொறுப்பு அவருடையது. முறை தவறித் தண்ணீர் திருப்பினால் சொந்தத் தம்பியானாலும் விடமாட்டார், மண்வெட்டியோடு போய் மடையை அடைத்துவிட்டுத்தான் மறுகதை. அப்படிப்பட்டவரிடம் ஒருநாள் பக்கத்து வயல்காரர் வீரமுனை முருகேசு கைபேசியில் கேட்டார், உங்கள் வீட்டுக்காரி இப்பவும் வேலைக்குப் போறாவாமே என்று.

“சும்மாதான் முருகேசு. வீட்டுல இருந்து அலுப்பாம். பொழுதுபோக்குக்குப் போறா,” என்றார் காலிதீன்.

ஸாலிஹா குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்காம். வெயிலில் வேலைத்தளம் தளமாக ஏறி இறங்குவது பொழுதுபோக்காம். அன்றைக்கு மீன் ஆணத்தில் உப்புக் கூடிப்போனது. தற்செயலாகக் கூடியதா, தெரிந்தே கூட்டினாளா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் அவளுக்குத் தெரியும். இந்தக் கரையில் பெண்ணுக்குத்தான் வீடு. உடன்பிறந்த ஆண்பிள்ளைகள் ஓடி உழைத்து வீட்டைக் கட்டி அவளுக்குக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வருவார். அவளுடைய மூன்று தம்பிமாரும் அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள். காலிதீனும் அப்படித்தான் வந்தார். வீடு அவளுடையது, இனிச் சம்பளமும் அவளுடையதா என்று மனுசனுக்குள்ளே ஒரு முள் இருந்தது. முள் என்று தெரிந்தாலும் தைத்தால் நோகத்தானே செய்யும்.

இப்படி இருக்கும்போதுதான் காலிதீனின் முழங்கால் கைவிட்டது.

முதலில் தொழுகையைக் கதிரையில் இருந்து தொழுதார். பிறகு வரம்பில் நடக்க முடியாமல் போனது. போன சிறுபோகம் முழுக்க வீட்டு விறாந்தையில் இருந்தபடி கைபேசியிலேயே தண்ணீர் பிரித்தார். கடைமடைக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். விதானை வரம்புக்கு வராவிட்டால் மேல்மடைக்காரன் தன் இஷ்டத்துக்குத் திறப்பான், அது தெரிந்த கதை. மாரிப் போக விவசாயிகள் கூட்டத்துக்கு முன்னர் எழுந்து நடக்காவிட்டால் வேறொருவரை விதானையாகப் போட்டுவிடுவார்கள் என்று முருகேசுவே வந்து மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு காலிதீன் சோறு தின்னவில்லை.

முழங்கால் மாற்ற வேண்டும் என்று டாக்குத்தர் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் முறை வரச் சுணங்கும், கூட்டம் அதுவரை காத்திருக்காது. தனியாரில் செய்யலாம். செலவைக் கேட்ட காலிதீன், “வேணாம், இந்தக் காலோடயே கிடப்பம்,” என்றார்.

“நீங்க கிடப்பீங்க. நான் விடணுமே,” என்றாள் ஸாலிஹா.

அவளிடம் இரண்டு மருத்துவக் காப்புறுதி இருந்தது. ஒன்று, பென்சன்காரி என்பதால் அரசாங்கத்துப் பக்கம் உள்ளது. மற்றது, முபாறக்கின் நிறுவனம் தன் ஆட்களுக்கு எடுத்துவைத்தது. இரண்டிலும் புருசனின் பெயரும் சேர்ந்திருந்தது. இரண்டும் அவள் உழைத்துச் சேர்த்தது, ஒருவரும் தானமாகத் தந்ததில்லை. ஆனால் இரண்டு பக்கமும் காசு தரும் என்று சொல்லி ஆளுக்கொரு பில்லைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. எது முதலில், எது பிறகு என்று கேட்டு இரண்டு பக்கமும் கைபேசி எடுத்தாள். ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார், அந்த இன்னொருவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். ஸாலிஹா விடுகிற ஆளா? முழு உண்மையும் அவர்கள் வாயிலிருந்து வரும்வரைக்கும் விடவில்லை.

பிறகு காலிதீனுக்குப் பக்கத்தில் பிளேன்டீயோடு வந்திருந்து சொன்னாள்: அவள் இப்போதும் வேலையில் இருப்பதால் கம்பனிக் காப்புறுதிதான் முதலில் வரும். டிக்கட் வெட்டி வீட்டுக்கு விடுகிற நாளில் ஆஸ்பத்திரி அவர்களுக்குப் பில்லை அனுப்பும், அவர்கள் பார்த்துத் தங்கள் எல்லைவரை நேரே ஆஸ்பத்திரிக்கே கட்டுவார்கள். மிச்சத்தை ஸாலிஹா கட்டி, தன் பெயரில் ரசீது எடுத்து, பென்சன் காப்புறுதிக்குப் போட வேண்டும். வேறு யாரும் இடையில் கட்டினால் இரண்டு பக்கமும் கை விரித்துவிடும்.

காலிதீன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மேல்மடை பாஞ்ச பொறகு கடைமடை. முறைக்காரன் தவிர வேறாள் மடையில கை வைக்கப்படாது. இதச் சொல்றதுக்கா ரெண்டு நாளாப் போன் பண்ணின?”

ஸாலிஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஓம் விதானையார், அதேதான்,” என்றாள்.

மூத்த தம்பி மிஹ்லாருக்கும் சொன்னாள். மிஹ்லார் கல்முனைக் கடைத்தெருவில் ஹாட்வெயார் வைத்திருக்கிறான், கை நிறைய வியாபாரம், மனசு அதைவிடப் பெரிது. ராத்தா இந்த வயதில் வேலைக்குப் போவது தங்களுக்கு வெட்கம் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து சொல்லிவிட்டுப் போவான். அவள் காப்புறுதிக் கதையைச் சொன்னபோது அவன் பாதியை அவளோடும் பாதியைச் சீமெந்து லொறிக்காரனோடும் கதைத்துக்கொண்டிருந்தான். “சரி ராத்தா, சரி ராத்தா,” என்றான். காதில் விழுந்தது அவ்வளவுதான்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். மறுநாளே காலிதீனை எழுப்பி நிறுத்தினார்கள். நான்கு எட்டு வைத்துவிட்டு, வரம்பைப் பார்க்கிறவர் மாதிரி நிலத்தைக் குனிந்து பார்த்தார். ஸாலிஹா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

டிக்கட் வெட்டுகிற நாள் வந்தது. இந்த ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறார் என்றால் அவர் தனியாகப் போவதில்லை, கூட்டிப்போக ஒரு படையே வரும். காலையிலேயே சொந்தபந்தம் வந்து ஆஸ்பத்திரி விறாந்தை நிறைந்துவிட்டது. இடியப்பம் ஒரு பக்கம், கோழி ஆணம் ஒரு பக்கம். காலிதீன் புதுச் சாரனும் வெள்ளைத் தொப்பியுமாகச் சக்கரக் கதிரையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கம்பனிக் காப்புறுதியின் அனுமதிதான் இன்னும் வரவில்லை. வரும், கொஞ்சம் இருங்கள் என்றார்கள். மதியம் லுஹருக்குப் பாங்கு சொல்லியும் வரவில்லை.

“என்ன, இன்னும் விடல்லியா?” என்று ஒரு மாமி கேட்டாள்.

“இன்சூரன்ஸ் காசு வரணுமாம்,” என்று ஒரு மச்சி சொன்னாள்.

அந்தக் கதை விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் காசு இல்லையாம் என்று ஆனது. வாசலைத் தாண்டும்போது, காசு கட்டாததால் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம் என்று ஆனது. கடைத்தெருவில் மிஹ்லாரின் காதுக்கு எந்தக் கோலத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கேட்கவும் வேண்டுமா? கடையைப் பூட்டக்கூட இல்லை, மற்ற இரண்டு தம்பிமாரையும் ஏற்றிக்கொண்டு பறந்து வந்துவிட்டான்.

ஸாலிஹா அந்த நேரம் மேல்மாடியில், காப்புறுதிப் பத்திரத்தில் டாக்குத்தரின் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். கீழே காசாளர் கண்ணாடிக்கு முன்னால் மூன்று ஆண்பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். மச்சானின் பில்லை யார் கட்டுவது என்பதுதான் சண்டை. நான்தான் மூத்தவன் என்றான் மிஹ்லார். போன தடவை உம்மாவின் பில்லையும் நீதானே கட்டினாய் என்றான் நடுவில் உள்ளவன். என் காசு காசில்லையா என்றான் கடைசி. கட்டாமல் ஓடுகிற ஆட்களைக் கண்ட அந்தக் காசாளர்ப் பிள்ளை நிரோஜினி, கட்டுவதற்கு அடிபடுகிற ஆட்களைக் கண்டு திகைத்துப்போனாள். கடைசியில் பில்லை மூன்றாகப் பிரித்து, ஆளுக்கொரு பங்கு கட்டி, ஆளுக்கொரு ரசீது வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். மூன்று பேருக்கும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

ஸாலிஹா கையெழுத்தோடு இறங்கிவந்து கண்ணாடிக்குள் பத்திரத்தை நீட்டினாள்.

“அன்ரி, காசு முழுக்கக் கட்டியாச்சே,” என்றாள் நிரோஜினி. “கட்டியாச்செண்டா நாங்க இன்சூரன்சிட்ட இனி ஒண்டும் கேக்கேலாது.”

“ஆரு கட்டின?”

நிரோஜினி கண்ணால் காட்டினாள். மிஹ்லார் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான்.

“ராத்தா, வேல முடிஞ்சி. காசுக்காக என்ட மச்சானப் புடிச்சி வெச்சிரிக்கிறதா? நாங்க மூணு ஆம்புளயள் உசிரோட இரிக்கம். நீ இந்த வயசுல வேலைக்கு அலையிறது இதுக்காகத்தானே? இனி வேணாம். நாளைக்கே முபாறக்குட்ட சொல்லிப்போட்டு வீட்டுல இரி.”

சுற்றி நின்ற சொந்தமெல்லாம் மாஷா அல்லாஹ் சொன்னது. தம்பிமார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாமி கண் கலங்கினாள்.

வந்தது கோபமா, அழுகையா என்று ஸாலிஹாவுக்கே பிரிக்கத் தெரியவில்லை. தம்பிமாரின் அன்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் திணைக்களத்தில் குனிந்து கீறிக் கழித்த காலமும், பென்சனுக்குப் பிறகு வெயிலில் நடந்த நடையும், இரண்டு காப்புறுதியையும் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்திவைக்கப் பட்ட பாடும் ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. இந்த ரசீதுகள் இப்படியே நின்றால் அவள் பொழுதுபோக்கத்தான் போனவள். ஊர் அப்படித்தான் சொல்லும். புருசன் சொன்னதும் சரியென்றே ஆகிவிடும். ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் காசைத் திருப்பி எடு என்றால் தம்பிமாரின் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

“மிஹ்லார், இஞ்ச வா,” என்றார் காலிதீன்.

சக்கரக் கதிரையில் இருந்தாலும் வரம்பில் நின்று கூப்பிடுகிற அதே குரல். மிஹ்லார் போனான்.

“நம்மட வட்டையில ஒருத்தன்ட முறையில இன்னொருத்தன் தண்ணியத் திருப்பினா நான் என்ன செய்வன்?”

“மடைய அடைப்பீங்க மச்சான்.”

“அவன் நல்ல மனசோட திருப்பினா?”

மிஹ்லார் கொஞ்சம் யோசித்தான். “அப்பவும் அடைப்பீங்க.”

“அப்ப அடை. இது ஸாலிஹாட முறை.”

காலிதீன் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இந்தக் காலுல நான் வரம்புல நடக்கப்போறன். எவருட காலுல நடக்கிறன் எண்டு எனக்குத் தெரியணும். என்ட பொஞ்சாதி உழைச்ச காசுல நடக்கிறதெண்டா நடக்கன். இல்லாட்டி இந்தக் கதிரையிலயே இரிக்கன். நீங்க எல்லாரும் போங்க.”

மனுசன் சொன்னால் செய்கிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். மிஹ்லாரின் முகம் சுருங்கிப்போனது. சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்தான், மற்ற இருவரும் எடுத்தார்கள். நிரோஜினி மூன்றையும் வாங்கிக்கொண்டு உள்ளே மேலாளரிடம் போனாள். அன்றைய கணக்கு இன்னும் மூடப்படவில்லை, அதனால் திருப்பலாம் என்று சிரித்துக்கொண்டே வந்தாள். இப்படி ஒரு சண்டையை அவளும் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டாமா?

ஸாலிஹா மிஹ்லாரின் கையைப் பிடித்தாள்.

“தம்பி, நான் இரிக்கிற வீடு நீங்க கட்டித் தந்தது. மௌத்தாகும் மட்டும் அத மறக்கமாட்டன். நீ கலியாணத்தப் பிந்திப்போட்டு எனக்கு ஓடு வாங்கின. அது உன்ட முறை, நீ வடிவாச் செஞ்ச. இத என்னச் செய்ய விடு.”

மிஹ்லார் தலையைக் குனிந்துகொண்டான். “நான் அன்டைக்கு நீ சொன்னத ஒழுங்காக் கேக்கல்ல ராத்தா,” என்றான்.

“நீ சீமெந்தோட கதைச்சிட்டு இருந்த,” என்றாள் ஸாலிஹா.

பின்னேரம் அஸருக்குச் சற்று முன்னால் அனுமதி வந்தது. கம்பனிக் காப்புறுதி தன் பங்கை ஏற்றுக்கொண்டது. மிச்சத்துக்கு ஸாலிஹா கைப்பையைத் திறந்து தன்னுடைய அட்டையை எடுத்து நீட்டினாள். நிரோஜினி ரசீதை அச்செடுத்துக் கொடுத்தாள். ஸாலிஹா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை ஒரு தடவை வாசித்தாள், பிறகு ஆசை தீராமல் இன்னொரு தடவை வாசித்தாள். இனிப் பென்சன் காப்புறுதிக்குப் போட வேண்டியது அவள் பாடு. அதையும் அவள் எடுக்காமல் விடுவாளா?

மிஹ்லார் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். காலிதீனை மெல்ல எழுப்பி, காலை நீட்டி இருக்க முன் ஆசனத்தைப் பின்னால் தள்ளினார்கள். கார் கடைத்தெருவைத் தாண்டும்போது அவர் கைபேசி அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். முருகேசுவின் குரல் கார் முழுக்கக் கேட்டது.

“விதானையார், டிக்கட் வெட்டியாச்சா? பெரிய பில்லாம், மச்சான்மார்தான் கட்டினவங்களாம் எண்டு இஞ்ச கதைக்கிறாங்க.”

“அது பழைய கதை. என்ட பொஞ்சாதி கட்டினா.”

“அவவா? அவ பொழுதுபோக்குக்குத்தான் போறா எண்டு நீங்கதானே சொன்ன?”

பின் ஆசனத்தில் ஸாலிஹா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். காலிதீன் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் இருமிக்கொண்டார்.

“சொன்னன். இப்ப சொல்றதக் கேளு. அவ பென்சனும் உழைச்சி எடுத்தவ, சம்பளமும் உழைச்சி எடுக்கிறவ. என்ட முழங்கால் அந்த ரெண்டாலயும் வந்தது. உன்ட வயலுக்கும் என்ட வயலுக்கும் தண்ணி கொண்டுவாற பெரிய வாய்க்கால் இரிக்கே முருகேசு, அத ஆரு கீறின எண்டு நினைச்ச?”

“அது திணைக்களம் கீறினது.”

“திணைக்களத்துக்குக் கை இரிக்கா? கீறினது ஸாலிஹா. முப்பது வருசமா நான் மடை திறக்கிறது அவ கீறின வாய்க்காலுக்குத்தான்.”

கார் ஓட்டிக்கொண்டிருந்த மிஹ்லார் கண்ணாடியில் ராத்தாவைப் பார்த்தான். அவனுக்கும் இது புதிது. அவனுக்கென்ன, ஊரில் ஒருவருக்கும் தெரியாது. புருசன் பொஞ்சாதி இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது, அவர் வெளியே சொன்னதில்லை, ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டதில்லை.

முருகேசு மரியாதையோடு கேட்டார், “மெய்யாவா விதானையார்?”

“என்னட்ட ஏன் கேக்காய்?” என்றார் காலிதீன். கைபேசியைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் நீட்டினார். “இந்தா ஸாலிஹா, கேக்கான். நீயே சொல்லு.”

ஸாலிஹா வாங்கினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து இருந்தாள்.

“ஓம் முருகேசு,” என்றாள். “நான்தான் கீறினன்.”